சாலையில் கிடக்கும் கல்லும் மணலும்: விபத்தின்றிக் கடப்பது எப்படி?

நான்குவழிச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுபவர்கள், தரையில் கிடப்பவற்றுக்கும் அஞ்சியே ஆக வேண்டும். பழுதாகி நின்ற லாரியின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு எடுக்காமல் போன கருங்கல், ரீட்ரெட் டயரிலிருந்து (தேய்ந்தபின் மேலே புது ரப்பர் ஒட்டிய டயர்) உரிந்து விழுந்த ரப்பர்ப் பட்டை, தார்ப்பாய் மூடாத டிப்பரிலிருந்து சிந்திய ஜல்லி என இவை எங்கு வேண்டுமானாலும் கிடக்கலாம். இவற்றின் மேல் ஏறுவதைவிட, பதறிப்போய் ஸ்டீயரிங்கை ஒடிப்பதே பல நேரங்களில் பெரிய ஆபத்தாக முடிகிறது.

ஆகவே முதல் தேவை இடைவெளி. லாரியை ஒட்டிச் செல்லும்போது, அதன் இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே புகுந்து வெளிவரும் கல் உங்கள் காருக்கு மிக அருகில்தான் கண்ணில் படும். காரின் அடிப்பகுதியோ லாரியைப் போல உயரமானதன்று. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடுகிறது. முன்னால் செல்லும் வண்டி சாலையோரக் கிலோமீட்டர் கல் ஒன்றைக் கடந்த பிறகு, நீங்கள் அதே கல்லை அடைய மூன்று நொடியாவது ஆக வேண்டும். இரவிலும் மழையிலும் இன்னும் கூடுதலாக விட வேண்டும். முன்வண்டி திடீரென ஒதுங்கினாலோ அதன் பிரேக் விளக்கு காரணமின்றி எரிந்தாலோ, எதையும் பார்ப்பதற்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

பொருள் கண்ணில் பட்டதும் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். கண்ணாடியில் பார்த்து, பக்கத்துத் தடம் காலியாக இருப்பது உறுதியானால் மட்டுமே மெல்ல விலகலாம். ஏறுவதைத் தவிர்க்கவே முடியாது என்றால், மோதுவதற்குச் சற்று முன் பிரேக்கை விட்டுவிட வேண்டும். அழுத்தியபடியே போனால் காரின் மூக்கு தாழ்ந்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் அடிவாங்கும். அதன்பின் ஓரங்கட்டி அடியில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் இன்ஜினை உடனே நிறுத்திவிடுங்கள்.

இருசக்கர வாகனத்தில் செல்பவர்களுக்கு மணலே முதல் எதிரி. அது சென்டர் மீடியனை ஒட்டியும் மேம்பாலத்தின் ஓரங்களிலும் சேர்ந்து கிடக்கும். கார்ச் சக்கரங்கள் ஓடி ஓடித் துடைத்த தடத்தில் செல்வது நல்லது. மணலில் இறங்கிவிட்டால் முன்பிரேக்கைத் தொடாமல், வண்டியைச் சாய்க்காமல், ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி நேராகக் கடக்க வேண்டும்.

அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் தானியம் காயப்போடுவார்கள். களம் போதாத விவசாயிக்கு வேறு வழியில்லை என்பது புரிகிறது. ஆனால் எல்லையாக வைத்த கற்கள் அள்ளிய பிறகும் அங்கேயே கிடந்துவிடுவதால், இருட்டில் வருபவருக்குப் பெருந்தீங்கு நேர்கிறது. பரப்பிய காய்ந்த பயிர்த்தாள் மீது காரை ஏற்ற வேண்டாம். அது அச்சில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கக்கூடும்.

கிடக்கும் பொருளை அகற்ற, வண்டிகள் விரையும் சாலையில் நீங்களே இறங்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையாயின், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 1033 என்ற எண்ணை அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்த ஊரை நோக்கிச் செல்லும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். மீடியனுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், ரோந்து வண்டி எதிர்த்தடத்தில் தேடிக்கொண்டிருக்கும்.