குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் காரை அப்படியே நம்பிவிடாதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரங்களில் முதலில் கண்ணை இழுப்பது ஓடோமீட்டர் எண்தான். "2010 மாடல், 14,000 கிலோமீட்டர்தான் ஓடியது, எப்போதும் கவர் போட்டே வைத்திருந்த வண்டி" என்று எழுதியிருந்தால் போதும், பலர் முன்பணத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். சாதாரணக் காரில் குறைந்த கிலோமீட்டர் நல்ல அறிகுறி. ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே கணக்கைப் போடுவதுதான் இந்தச் சந்தையில் நடக்கும் தவறுகளிலேயே அதிகம் செலவு வைப்பது.

பதினைந்து ஆண்டில் 14,000 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு ஆயிரம்கூட இல்லை. மாதக்கணக்கில் அசையாமல் நின்றிருக்கிறது என்று பொருள். நின்ற காரில் ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும் தன்மை கொண்டது, அது டேங்கில் பல மாதம் தேங்கினால் பம்ப்பும் இன்ஜெக்டரும் பாதிக்கப்படும். வயர்களை எலி கடித்திருக்கும் வாய்ப்பும் உண்டு. டயரில் பட்டன் தேயாமல் புதிது போலவே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. நூறு கிலோமீட்டர் வேகத்தை சில விநாடிகளில் தொடும் கார் அந்த டயரில் நெடுஞ்சாலைக்குப் போவது உயிரோடு விளையாடுவது. நான்கு டயரையும் மாற்றும் செலவை முதலிலேயே விலையில் கழித்துப் பேசுங்கள்.

போர்ஷே பாக்ஸ்டர், கேமன், 911 ஆகியவற்றைத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2008 வரை வந்த பாக்ஸ்டர், கேமன் இன்ஜின்களிலும், டர்போ, ஜிடி3 போன்றவை அல்லாத அதே காலத்துச் சாதாரண 911 மாடல்களிலும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற தண்டு உண்டு. கிராங்க்கின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கடத்துவது அதன் வேலை. அதன் முனையில் உள்ள பேரிங் உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். 2000 முதல் 2005 வரையிலான ஒற்றை வரிசை பேரிங்குக்குத்தான் கெட்ட பெயர் அதிகம். அதற்குப் பின் வந்தது பெரியது, உறுதியானது. ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. 2009 மாடலில் வந்த புதிய இன்ஜினில் இந்தத் தண்டே இல்லை. இந்த இன்ஜின்களைப் பிரித்துப் பழகியவர்களைக் கேட்டால், தொடர்ந்து ஓடிய கார்களைவிட மாதக்கணக்கில் நின்று எப்போதாவது ஓடிய கார்களில்தான் இந்தக் கோளாறு அதிகம் என்கிறார்கள். பேரிங்குக்கு ஆயில் சரியாகப் போய்ச் சேராததும், சூடேறாத இன்ஜினின் ஆயிலில் ஈரம் சேர்வதும் காரணம்.

எனவே இப்படியொரு காரைப் பார்க்கப் போனால் ஆயில் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஃபில்டர் காகிதத்தின் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய பளபளப்பான துகள்கள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் கார் வேண்டாம். புது ஆயிலும் ஃபில்டரும் உங்கள் செலவிலேயே போட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்காத உரிமையாளரிடம் மேலே பேச எதுவும் இல்லை.

பாக்ஸ்டரிலும் கேமனிலும் இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் புதைந்திருக்கிறது. பின்பக்கம் திறந்தால் ஆயிலும் கூலன்ட்டும் ஊற்றும் மூடிகள்தான் தெரியும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கையோடு முன் பம்பரின் காற்றுத் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் அங்கேதான் இருக்கின்றன. சருகும் மண்ணும் அங்கே அடைந்து ஈரம் காயாமல் கிடந்து அலுமினியத்தை அரித்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் நிறுத்தப்பட்டிருந்த கார் என்றால் உப்புக் காற்று அந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்திருக்கும்.

ஓடோமீட்டர் எண் உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. அதைத் திருத்துவது கடினமான காரியமல்ல. ஆனால் போர்ஷேயில் இன்ஜின் கணினி, இதுவரை இன்ஜின் ஓடிய மொத்த மணி நேரத்தைத் தனியே பதிந்து வைக்கிறது. சர்வீஸ் சென்டரின் கருவியால் அதைப் படித்து, ஓடிய கிலோமீட்டரை அந்த மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 22,000 கிலோமீட்டர், 900 மணி நேரம் என்றால் மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டர். நகரத்தில் ஓடிய காருக்கு நம்பத்தக்க எண். அதே 22,000-க்கு 2,500 மணி நேரம் காட்டினால் மணிக்கு 9 கிலோமீட்டர்கூட வராது. மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

அந்தக் கருவி தரும் அறிக்கையிலேயே இன்ஜின் அளவு மீறிச் சுழன்ற தடவைகளும் இருக்கும். 2009-க்குப் பிந்தைய மாடல்களில் இதை ஆறு நிலைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. முதல் நிலைகளில் எண்ணிக்கை இருப்பது இயல்பு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பவர் யாரும் அங்கே போவார். நான்கு முதல் ஆறு வரை பதிவு இருந்தால், மேல் கியருக்குப் போக வேண்டிய இடத்தில் கீழ் கியருக்கு இழுத்துவிட்டார்கள் என்று பொருள். இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் அது நடந்தது என்பதும் பதிவாகியிருக்கும். 120-வது மணியில் நடந்து, அதன்பின் 800 மணி நேரம் நலமாக ஓடியிருந்தால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. போன மாதம் நடந்திருந்தால் விலகிவிடுங்கள். இந்த ஒரு தாளுக்காக ஒருநாள் அலைந்தாலும் தகும். ஆண்டுக்கு ஐந்தாறு ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கும் கார் 60,000 காட்டினாலும், பில் இல்லாத 14,000 கிலோமீட்டர் காரைவிட அதையே நான் வாங்கச் சொல்வேன்.

வாங்கும் விலை பாதிக்கும் கீழே வந்திருக்கும்; பராமரிப்புச் செலவு அப்படி இறங்காது. உதிரிபாகங்கள் இன்றும் புதுக் காரின் அந்தஸ்துக்கேற்ற விலையிலேயே வருகின்றன. ஃபோர்டு மஸ்டாங் 2016-ல் இங்கே வந்தபோது ஷோரூம் விலையே சுமார் 65 லட்சம் ரூபாய். 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்துவிட்டது. மஸ்டாங் அழகான கார்தான், ஆனால் ஒரு ஹெட்லைட் உடைந்தால் எங்கிருந்து, எத்தனை வாரத்தில் வரும் என்று விசாரித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். போர்ஷேயில் சக்கரத்துக்குள் பிரேக் டிஸ்க்கைப் பற்றும் காலிப்பர் மஞ்சள் நிறத்தில் தெரிந்தால் அது பெரும்பாலும் கார்பன் செராமிக் பிரேக். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மாற்றுவதற்குப் பல லட்சம் ஆகும்.

விபத்தைக் கண்டுபிடிக்கக் காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழைய வழி ஜாகுவார் எஃப்-டைப், ஆடி ஆர்8 போன்றவற்றில் உதவாது. அவற்றின் உடல் அலுமினியம். அலுமினியத்திலும் வேலை செய்யும் பெயிண்ட் தடிமன் கருவி வேண்டும். சென்னையில் ஓடிய காருக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நினைவில் வையுங்கள். ஸ்போர்ட்ஸ் கார்கள் தாழ்வானவை, முழங்கால் தண்ணீரே உள்ளே புகுந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; வழக்கமாகச் சுருண்டே கிடக்கும் பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். இருக்கையின் அடி போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் சாவியையும் பூட்டையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. வெள்ளமே வேண்டாம், துணிக் கூரையின் வடிகால் துளையில் சருகு அடைத்தாலே தண்ணீர் உள்ளே இறங்கி அது கெட்டுவிடும்.

ஆவணங்களில் ஏமாறுவதற்கு முக்கியக் காரணம் அவசரம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கடன், அபராதம், தடை எல்லாம் தெரியும். கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்சியில் உள்ள கடன் பதிவை நீக்குவதற்கான 35-ம் படிவமும் கையில் வர வேண்டும். பிற மாநில எண் என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே ஆயுட்கால வரி என்று செலவு நீளும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீத வரி. பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் பெரிய தொகைதான். வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரியில் போலி முகவரி கொடுத்துப் பதிவு செய்த கார்கள் சில காலம் நிறையவே இருந்தன, வழக்குகளும் பதிவாகின. வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்கப்பட்ட கார் என்றால் சுங்க வரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரியைக் கேளுங்கள். 2025 செப்டம்பரில் பூடான் வழியாகச் சட்டவிரோதமாக வந்தவை என்று கேரளத்தில் சுங்கத்துறை பல கார்களைப் பறிமுதல் செய்தது. சுங்கத்துறை காரை எடுத்துக்கொண்டு போனால், இப்போதைய உரிமையாளர் பணம் கொடுத்துத்தான் வாங்கினார் என்பது அவரைக் காப்பாற்றாது.

கையெழுத்து முடிந்தபின் ஆர்சி பெயர் மாற்றத்தோடு இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பலர் பழைய பாலிசியிலேயே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். மோதலில் எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு இருக்கலாம், ஆனால் உங்கள் காருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்க வாய்ப்புண்டு. இழப்பீடு கேட்காததற்காக முந்தைய உரிமையாளருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் சலுகையும் உங்களுக்கு வராது, பிரீமியம் கூடும். புது பிரீமியம் எவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு காருக்கான மீதிப் பணத்தைக் கொடுங்கள்.