கழுத்தில் வைத்த விரலை எடுப்பது எப்படி

பாம்பனில் பிறந்தவர்களுக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகக் கம்பத்தில் ஒன்றாம் எண் ஏறினால், எங்கோ தொலைவில் ஏதோ உருவாகிறது என்று பொருள். பத்து என்றால் பெரும் அபாயம். ஒன்றாம் எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடுவதில்லை. அப்பா படகின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார், வானொலியில் செய்தி கேட்பார், சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது நான் என் உடம்புக்குத் தினமும் பத்தாம் எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டுதான் என் தாய்மாமா, வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலித்து இறந்துபோனார். வயது 46. காரியம் முடிந்து ராமநாதபுரத்தில் விடுதிக்குத் திரும்பிய வாரமே, என் வலக்கையின் இரண்டு விரல்கள் தாமாகக் கழுத்துக்குப் போகத் தொடங்கின. நாடி ஒழுங்காகத் துடிக்கிறதா, தாளம் தவறுகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு நெறி தட்டுப்பட்டது. அன்றிரவு இதய நோய்ப் பயம் போய்ப் புற்றுநோய்ப் பயம் வந்தது. மூன்று வாரம் அதைத் தடவித் தடவியே வலிக்கச் செய்தேன். வலித்ததும் பயம் இன்னும் கூடியது.

இதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு, என்னை மீட்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மருத்துவரிடம் ஒருமுறை முறையாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. நெஞ்சில் அழுத்தும் வலி, மயங்கி விழுதல், மூச்சு விட முடியாத நிலை என்றால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், வளர்ந்துகொண்டே போகும் அல்லது கல்போல் கெட்டியான கட்டி ஆகியவற்றையும் உடனே காட்ட வேண்டும். பயந்த சுபாவம் உள்ளவருக்கும் நோய் வரும். "எல்லாம் மனப்பிரமை" என்று தள்ளிப்போட வைக்கும் அறிவுரையை நான் யாருக்கும் தரமாட்டேன்.

ஆனால் பரிசோதனைக்குப் பிறகு செய்வதில்தான் நாம் தவறுகிறோம். எனக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு மருத்துவர் "ஒன்றுமில்லை, போய்ப் படி" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். அந்த நிம்மதி இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள், "அந்த நேரத்தில் மட்டும் இதயம் சரியாக இருந்திருக்குமோ" என்ற கேள்வி வந்தது. வேறொரு மருத்துவமனை, இன்னொரு ஈசிஜி, மறுபடி இரண்டு நாள். நிம்மதி தேடத் தேட, அது தங்கும் காலம் குறைந்துகொண்டே வந்தது. எனவே, மருத்துவர் சொன்னதை அவர் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மறுபடி எப்போது வர வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் வர வேண்டும் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். அந்த அறிகுறி இல்லாமல் அந்தத் தேதிக்கு முன் வேறு மருத்துவரைத் தேடிப் போகாதீர்கள்.

அடுத்தது நோட்டின் மறுபக்கம். உடம்பில் ஏதாவது தோன்றும்போது கூண்டு எண் போடுங்கள். மனம் எந்த எண் சொல்கிறது, கண்முன் இருக்கும் ஆதாரம் எந்த எண் சொல்கிறது என்று இரண்டையும் எழுத வேண்டும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "இரவு 11.40. இடது கை மரத்தது. மனம் 9. ஆதாரம் 1. கையைத் தலைக்கடியில் வைத்துப் படுத்திருந்தேன். காலை 7 மணிக்கு இல்லை." இப்படி இருபது பக்கம் சேர்ந்த பிறகு, என் மனம் எப்போதெல்லாம் கூண்டை ஏற்றுகிறது என்பது தெரிந்தது. இரவு பதினொன்றுக்கு மேல், செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம், வீட்டிலிருந்து போன் வந்த பிறகு.

உடம்பின் இயல்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆரோக்கியமான இதயத்திலும் இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். அடுத்தது சற்றுத் தாமதித்து ஓங்கி அடிக்கும். நாம் "நின்று போய் அடித்தது" என்று நடுங்குவது பெரும்பாலும் இதைத்தான். ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும்; விரல் நுனியும் உதட்டோரமும் மரத்து, தலை கிறுகிறுக்கும். அது இன்னொரு நோயின் அடையாளமாகத் தோன்றும், பயம் மேலும் ஏறும். அந்த நேரத்தில் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள்.

இப்போது கடினமான பகுதி. தொட்டுப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். ஒரே நாளில் நிறுத்த முயன்று நான் தோற்றேன். பிறகு ஒரு நாள் முழுக்க எண்ணிப் பார்த்தேன்: நாடியை 43 முறை தொட்டிருந்தேன். மறுவாரம் தொடவேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டேன். முதல் ஐந்து நிமிடம் தாங்க முடியாது, கை அரிப்பதுபோல் இருக்கும். அதைக் கடந்தால் பதினைந்தாவது நிமிடத்தில் பல நேரம் தொடும் எண்ணமே மறந்துபோயிருக்கும். எண்ணிக்கை 43-இலிருந்து 20, பிறகு 8. கைப்பேசியில் நோய்க்குறி தேடுவதற்கும் இதே முறைதான். இரவில் தேடவே கூடாது என்ற ஒரு விதியை மட்டும் முதல் நாளிலிருந்தே கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அறைத்தோழியிடம் "எனக்கு ஒன்றும் ஆகாதில்லையா?" என்று கேட்பதும் நாடி பார்ப்பதைப் போன்றதுதான். என் தோழி அன்பினால் ஒவ்வொரு முறையும் "ஆகாதுடி" என்றாள். ஒருநாள் நானே அவளிடம் சொல்லி வைத்தேன்: "இனி கேட்டால் பதில் சொல்லாதே. 'பயமாக இருக்கிறதா, வா, கீழே போய் டீ குடிப்போம்' என்று மட்டும் சொல்." முதல்முறை அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கீழே போனோம்.

ஒதுக்கி வைத்தவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்யுங்கள். இதயம் படபடக்கும் என்று பயந்து நான் மாடிப்படி ஏறுவதையே விட்டிருந்தேன். மருத்துவர் தாராளமாக நடக்கலாம் என்று சொன்ன பிறகும் நடக்கவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஒரு மாலை அப்பாவுடன் பாம்பன் சாலைப் பாலத்தில் மண்டபம் பக்கம் நோக்கி நடந்தேன். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கச்சான் காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. நடுப்பாலத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல் கழுத்துக்குப் போனது. நான் அந்தக் கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அது வெயில் குடித்துச் சூடாக இருந்தது, உப்பு பிசுபிசுத்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கீழே போன படகைப் பார்த்தபடி நின்றார். நெஞ்சு அடித்தது, பிறகு மெல்ல அடங்கியது. நான் எதுவும் செய்யாமலே அடங்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் படிப்பும் தூக்கமும் கெடுகிறது என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்வது எளிதல்ல. மனநலம் என்று வாயெடுத்தாலே "ஏர்வாடிக்குக் கூட்டிப் போகணும்" என்பார்கள். மனநோய் உள்ளவர்களைக் குணமாக வேண்டிக் கூட்டிப் போகும் தர்கா இருக்கும் ஊர் அது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். அந்த ஊர்ப்பெயர் இன்னும் நம் வீடுகளில் பயமாக நிற்பதற்கு அதுவும் காரணம். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்திருக்கிறது. உங்களை எங்கும் அடைக்கப்போவதில்லை. புறநோயாளியாகப் போய், எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்துத் திருத்தும் பேச்சு சிகிச்சை பெறலாம். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. என் அம்மா தர்காவுக்கு நேர்ந்துகொண்டார், நான் மருத்துவரிடமும் போனேன். இரண்டுக்கும் இடையில் சண்டை எதுவும் வரவில்லை.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது; 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள், எதிரே உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்: எந்த நோய் என்று பயப்படுகிறேன், ஒரு நாளைக்கு எத்தனை முறை சோதித்துப் பார்க்கிறேன், இந்தப் பயத்தால் எதையெல்லாம் செய்யாமல் விட்டிருக்கிறேன். வாயால் சொல்ல வரவில்லை என்றால் தாளை அப்படியே நீட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் நீட்டினேன்.