'ஆர்ஜிலேஷஸ்': பன்னிரண்டு எழுத்து, நான்கே அசை

சிவில் டிப்ளமோவில் சிமென்ட் பாடத்தைத் திறந்தால் இந்தச் சொல் எதிரே வந்து நிற்கும். சுண்ணாம்புக்கல்லோடு களிமண்ணோ ஷேலோ (களிமண் இறுகி உருவான பாறை) சேர்த்து உயர் வெப்பத்தில் சுட்டால்தான் போர்ட்லாண்ட் சிமென்ட். அந்தக் களிமண் வகைப் பொருள்களைக் குறிக்கும் பெயரடை இது. எழுத்துகள்: ஏ, ஆர், ஜி, ஐ, எல், எல், ஏ, சி, இ, ஓ, யு, எஸ். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் வாயில் 'ஆர்கில்லாசியஸ்' ஆகிவிடும்.

முதலில் அசை பிரியுங்கள். யாப்பின் நேரசை, நிரையசையைச் சற்று ஒதுக்கிவையுங்கள். இங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். உயிரெழுத்து ஆறு இருந்தாலும் ஒலிப்பவை நான்கே: ஆர் - ஜி - லே - ஷஸ்.

அடுத்து, 'ஜி'. ஐ, இ, ஒய் பின்னால் வந்தால் ஜி என்னும் எழுத்து பெரும்பாலும் 'ஜ' ஒலி தரும். ஜின்ஜர், ஜிம் நினைவுக்கு வரட்டும். கிஃப்ட், கிவ் போன்றவை விலக்கு.

இரட்டை எல்லில்தான் நம் நாக்கு சறுக்கும். நமக்குக் கொலை வேறு, கொல்லை வேறு; ஒற்று இரட்டித்தால் பொருளே மாறும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் இரட்டித்த எல் பெரும்பாலும் ஒற்றை 'ல' மட்டுமே. அகராதிகள் இரண்டு எல்லுக்கும் நடுவே புள்ளி வைத்துப் பிரிக்கும். அது வரி முடிவில் சொல்லை உடைப்பதற்கான குறி. அதைப் பார்த்து 'ஜில்-லே' என்று அழுத்திவிடாதீர்கள்.

கடைசி ஐந்தெழுத்தான சி-இ-ஓ-யு-எஸ் மொத்தமும் ஒரே 'ஷஸ்'. அழுத்தம் அதற்கு முந்தைய 'லே' மீது விழும்: ஆர்-ஜி-லே-ஷஸ். 'ஆர்' மீது லேசான அழுத்தம் போதும். 'ஜி'யை விரைவாகக் கடந்துவிடுங்கள். நான்கையும் ஒரே கனத்தில் சொன்னால் ஆங்கிலம் கேட்டுப் பழகிய காதுக்குச் சொல் பிடிபடாது.

இந்த விகுதி பிடிபட்டால் அதன் உறவுக்காரர்களும் வசமாவார்கள்: மைகா என்னும் கனிமம் சார்ந்தது மை-கே-ஷஸ், கரி சார்ந்தது கார்-ப-நே-ஷஸ். அரியலூர்ப் புதைபடிவங்களைப் பற்றிப் படிக்கும்போது வரும் காலப்பெயரும் கிரி-டே-ஷஸ்தான்.

ஆனால் அதே சிமென்ட் பாடத்தில் பக்கத்திலேயே இருக்கும் சுண்ணாம்புச் சொல்லை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அதன் முடிவில் இ-ஓ-யு-எஸ்ஸுக்கு முன்னால் சி இல்லை, ஆர் இருக்கிறது. ஆகவே 'ஷஸ்' வராது. கால்-கே-ரி-யஸ் என்பதே அதன் ஒலிப்பு.