திட்டினால் தண்டனையா? நடத்தைப் பகுப்பாய்வில் வழக்கமாக வரும் குழப்பங்கள்

ஒரு நடத்தை அதன் விளைவுகளால் எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்று ஆராயும் துறைதான் நடத்தைப் பகுப்பாய்வு. அதைப் படிக்க வருகிறவர்கள் முதலில் வழுக்கி விழும் இடம் 'எதிர்மறை வலுவூட்டல்'. அதைத் தண்டனை என்று எழுதிவிடுவார்கள். இங்கே எதிர்மறை என்றால் கெட்டது அல்ல, கழித்தல். காரில் பெல்ட் போடாவிட்டால் பீப் பீப் என்று கத்துகிறது, போட்டதும் அடங்குகிறது. அந்தச் சத்தம் போவதற்காகவே நாம் பெல்ட் போடப் பழகினால், அதுதான் எதிர்மறை வலுவூட்டல். எதையாவது சேர்த்தாலும் கழித்தாலும், அதனால் நடத்தை கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை.

இன்னொரு தவறு, நம் நோக்கத்தை வைத்துப் பெயர் சூட்டுவது. வகுப்பில் கத்தும் பையனை ஆசிரியர் தினமும் திட்டுகிறார், அவனோ முன்பைவிட அதிகமாகக் கத்துகிறான். அப்படியானால் அந்தத் திட்டு தண்டனையே அல்ல. வகுப்பே தன்னைத் திரும்பிப் பார்ப்பது அவனுக்கு வலுவூட்டியாக, அதாவது கத்தலைக் கூட்டும் விளைவாக, இருக்கலாம். எத்தனை முறை கத்தினான் என்று எண்ணிப் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது.

அப்புறம் 'மறைதல்'. கண்டுகொள்ளாமல் விடுவதுதான் அது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில், ஒரு நடத்தையை எது தாங்கிப் பிடிக்கிறதோ அதை நிறுத்துவதே மறைதல். வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்க அழும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பாடமும் நின்றுபோகும். அழுகைக்குக் கூலி கொடுத்த மாதிரிதான்.

1959-இல் உளவியலாளர் சி. டி. வில்லியம்ஸ் வெளியிட்ட ஒரு பதிவு எனக்குப் பிடித்த பாடம். 21 மாதக் குழந்தை, தூங்கும்வரை பெரியவர்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எழுந்து போனால் ஓயாத அழுகை. படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, திரும்பப் போகாமல் இருந்தார்கள். முதல் முறை 45 நிமிடம் அழுதது. பத்தாவது முறை சிணுங்கல்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து உறவுக்காரப் பெண்மணி ஒருவர் படுக்கவைத்தபோது கத்தி அழுதது. அவர் மனமிரங்கி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். பழைய அழுகை முழு வேகத்தில் திரும்பியது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை உறுதியாக நின்ற பிறகு, அடுத்த 2 ஆண்டுகள் தொல்லை இல்லை.

வலுவூட்டி நின்றதும் நடத்தை சில நேரம் முதலில் கூடும். ஸ்விட்ச் போட்டு விளக்கு எரியாவிட்டால் நாலு தடவை தட்டிப் பார்க்கிறோமே, அதுபோல. 'சரி, இது பலிக்கவில்லை' என்று அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் நாமே. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தையிடம் இந்த மறைதல் முறையை வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது. அந்தக் கூடுதல் மோதலே காயத்தில் முடியலாம். அங்கே நிபுணர் வேண்டும், வேண்டியதைக் கேட்க வேறொரு வழியையும் குழந்தைக்குக் கூடவே கற்றுத்தர வேண்டும்.