மலையில் ஜிபிஎஸ் காட்டும் உயரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2637 மீட்டர். உச்சியில் நின்று ஜிபிஎஸ் கைக்கருவியைப் பார்த்தால் 2650 காட்டலாம். பத்து நிமிடம் கழித்து அதுவே 2628 ஆகலாம். பக்கத்தில் நிற்பவரின் போனில் 2545 என்று இருக்கலாம். கருவி எதுவும் பழுதாகவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் பிழையைப் பெரும்பாலும் பத்து மீட்டர் அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

துல்லிய எண்ணை உயரத்துக்கும் சேர்த்து நம்புவது

திரையில் '5 மீட்டர் துல்லியம்' என்று வருவது தரையில் உங்கள் இடத்துக்கு மட்டும். உயரத்தில் பிழை அதைப்போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை போகும். செயற்கைக்கோள்கள் நாலா திசையிலும் இருப்பதால் கிழக்கு மேற்குப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மேலும் கீழும் அப்படி நடக்காது. கீழே இருக்கும் செயற்கைக்கோள்களைப் பூமியே மறைத்துவிடுகிறது.

போன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது

நம் பக்கத்து மலைகளில் மிகப் பெரிய பிழை இதுதான், அதிகம் பேசப்படாததும் இதுதான். ஜிபிஎஸ் கணக்குப் போடுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வழவழப்பான கற்பனை முட்டை வடிவத்திலிருந்து. உண்மையான கடல்மட்டம் அந்த வடிவத்தோடு ஒட்டி நிற்பதில்லை. ஈர்ப்பு குறைந்த இடங்களில் குழிந்திருக்கும். உலகிலேயே ஆழமான அந்தக் குழி இலங்கைக்குத் தெற்கே, சுமார் 106 மீட்டர். தமிழ்நாடு அதன் சரிவில் இருக்கிறது. அதனால் திருத்தம் செய்யாத செயலி நம் ஊரில் எல்லா உயரத்தையும் சுமார் 90 மீட்டர் குறைத்துக் காட்டும்.

சோதிப்பது எளிது. மெரினா மணலில் நின்று செயலியைத் திறங்கள். மைனஸ் 80, மைனஸ் 90 என்று வந்தால் திருத்தம் இல்லை. அமைப்புகளில் 'எம்எஸ்எல்' (சராசரி கடல்மட்டம்) அல்லது 'ஜியாய்டு' (உண்மையான கடல்மட்ட வடிவம்) என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். கார்மின் போன்ற கைக்கருவிகள் இந்தத் திருத்தத்தைத் தாமே செய்துவிடும்.

ஆன் செய்ததும் குறித்துக்கொள்வது

மூன்று செயற்கைக்கோள் மட்டும் கிடைத்தால் கருவி உயரத்தைக் கணக்கிடாது, ஓர் உயரத்தை வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் சொல்லும். உயரத்துக்கு நான்காவது வேண்டும், நல்ல உயரத்துக்கு இன்னும் பல வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளின் பாதை விவரமும் வந்து சேரவே அரை நிமிடம் பிடிக்கும். வெட்டவெளியில் ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். சோலைக்காட்டுக்குள்ளோ பாறைச் சுவரை ஒட்டியோ குறித்த எண்ணை நம்ப வேண்டாம். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் தூரத்தைக் கூட்டிவிடும்.

பிடிக்கும் விதமும் முக்கியம். தலையில் கட்டைவிரல் போல ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் கருவியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஆன்டெனா உள்ளே இருக்கும் தட்டையான கருவியை, வானம் பார்க்கப் படுக்கவைக்க வேண்டும்.

பாரோமீட்டரைக் காலையில் திருத்திவிட்டு மறந்துவிடுவது

சில கருவிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரும் உண்டு. மேலே ஏற ஏற அழுத்தம் குறைவதை வைத்து அது உயரத்தைச் சொல்லும்; உயரம் தெரிந்த இடத்தில் அந்த எண்ணைக் கொடுத்து அதைத் திருத்த வேண்டும். கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸில் இல்லை, 32எக்ஸில் இருக்கிறது. ஜிபிஎஸ் உயரம் துள்ளும், ஆனால் நாளெல்லாம் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போகாது. பாரோமீட்டர் உயரம் துள்ளாது, ஆனால் மெல்ல நகர்ந்துவிடும். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்திக்கொள்வதில்தான் காரியமே இருக்கிறது.

வெப்ப மண்டலத்தில் மழை, புயல் இல்லாத நாளிலும் காற்றழுத்தம் காலை பத்து மணிவாக்கில் ஏறி, மாலை நான்குக்கு இறங்கும். இந்த ஒன்றாலேயே காலையில் திருத்திய கருவி மாலையில் அதே இடத்தை 20 முதல் 30 மீட்டர் கூட்டிக் காட்டும். காற்றழுத்தம் இரவு பத்துக்கு மறுபடி ஏறி, விடியற்காலை நான்குக்கு இறங்கும். இலங்கையின் சிவனொளிபாத மலைக்கு இரவில் ஏறுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பம் அடுத்த காரணம். கருவியின் கணக்கு, கடல்மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்துப் போட்டது. காற்று அதைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், ஏறிய ஒவ்வொரு 100 மீட்டரிலும் கருவி 3 முதல் 4 மீட்டர் குறைத்துக் காட்டும். மேட்டுப்பாளையத்தில் திருத்திவிட்டு ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது 100 மீட்டர்கூடக் குறைவாகக் காட்டலாம்.

ஆகவே 300, 400 மீட்டர் ஏறியதும், உயரம் தெரிந்த இடம் எது வந்தாலும் திருத்துங்கள். நீலகிரி ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயரோடு கடல்மட்ட உயரமும் எழுதியிருக்கும். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் சிகரங்களுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணும் உதவும். கையால் திருத்தும்போது, ஜிபிஎஸ் உயரத்தை வைத்துப் பாரோமீட்டரைத் தானே திருத்தும் 'ஆட்டோ காலிபரேஷன்' தொடர்ந்து ஓடும் நிலையில் இருந்தால், நீங்கள் கொடுத்த நல்ல எண்ணை ஜிபிஎஸ் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும்; அதை முதலில் நிறுத்துங்கள். தெரிந்த இடமே வராத பாதை என்றால் அது ஓடட்டும்.

பாரோமீட்டர் நிலை 'ஃபிக்ஸ்ட் எலிவேஷன்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது முகாமில் அசையாமல் வைக்கும் கருவிக்கானது. அந்த நிலையில் நீங்கள் மலை ஏறினாலும், அழுத்தம் குறைவதை வானிலை மாற்றம் என்றே கருவி எடுத்துக்கொள்ளும். உறையோ சேறோ கருவியின் உடம்பில் உள்ள சிறு காற்றுத் துளையை அடைத்தாலும் அளவு சிக்கிக்கொள்ளும்.

மொத்த ஏற்றத்தைப் பாரோமீட்டர் இல்லாமல் கூட்டுவது

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஜிபிஎஸ் உயரம் மேலும் கீழும் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்தையும் செயலி ஏற்றமாகக் கூட்டிவிடும். நிற்கும்போது பதிவை நிறுத்துங்கள்; பிறகு கணக்கிடும்போது 10 மீட்டருக்குக் குறைந்த ஏற்ற இறக்கத்தைத் தள்ளிவிடுங்கள்.

ஓர் இடத்தின் உயரம் மட்டும் திருத்தமாக வேண்டும் என்றால், ஒரே இடத்தின் பல அளவுகளைச் சராசரி எடுக்கும் 'வேபாயிண்ட் ஆவரேஜிங்' வசதியில் நான்கு முதல் எட்டு முறை அளவெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். அதற்குள் செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்கும். ஒரே பிழை திரும்பத் திரும்ப வராது.