கிரானைட் பட்டறை மோட்டாருக்கு எர்த் ஃபால்ட் ரிலேயை எவ்வளவில் வைப்பது?

கிருஷ்ணகிரி பக்கம் கல் அறுக்கிற, பாலிஷ் போடுகிற பட்டறைகளில் மோட்டாரைச் சுற்றி எப்போதும் தண்ணீரும் கல் சேறும்தான். டெர்மினல் பாக்ஸில் ஈரம் இறங்கினால் கரண்ட் பூமிக்குக் கசியும், அதைக் கண்டு சப்ளையை நிறுத்தும் எர்த் ஃபால்ட் ரிலே ட்ரிப் ஆகும், உடனே டயலைத் திருப்பி செட்டிங்கை ஏற்றிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏன் ட்ரிப் ஆனது என்று தெரியாமல் செட்டிங்கில் கை வைக்கவே கூடாது.

முதலில் ரிலேக்கு கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 415 வோல்ட்டில் ஓடும் 75 எச்பி மோட்டார் ஏறக்குறைய 100 ஆம்பியர் எடுக்கும். மூன்று பேஸிலும் 150/5 சிடி (150 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டு, மூன்றின் கூட்டலை (கசிவு இல்லையென்றால் அது பூஜ்ஜியம்) ரிலேக்குக் கொடுத்திருந்தால், 20 சதவீத செட்டிங் என்றாலே 30 ஆம்பியர். அதற்குக் கீழே இறக்கவும் முடியாது, ஏனென்றால் ஸ்டார்ட் ஆகும்போது 600 ஆம்பியர் வரை பாயும், அந்த நேரத்தில் மூன்று சிடியும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, இல்லாத ஃபால்ட்டை ரிலே இருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

இந்த 30 ஆம்பியர் போதுமா என்றால், நம்ம ஊர் மண்ணில் பெரும்பாலும் போதாது. பாறைத் தரை, கோடையில் எர்த் பிட் (எர்த் கம்பியைப் புதைத்த குழி) காய்ந்து கிடக்கும். மோட்டார் பாடியை பிட்டில் மட்டும் இணைத்து, மண் வழியாகத் திரும்பும் பாதை மொத்தம் 8 ஓம் இருந்தால், பேஸ் நேராக பாடியில் பட்டாலும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள 240 வோல்ட்டை 8-ஆல் வகுத்து 30 ஆம்பியர்தான் வரும். எம்சிசிபி (மோட்டாருக்கு முன்னால் இருக்கும் பெரிய பிரேக்கர்) அதற்கு உடனே விழாது, மோட்டார் அதிக லோடு இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் உடனே பிடிக்காது, ஆனால் பாடியில் கை வைத்தவர் உயிருக்கு ஆபத்து. அதனால் செட்டிங் கணக்குக்கு முன்பே, மோட்டார் பாடியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் வரை எர்த் பட்டை தொடர்ச்சியாக ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஈரம் உள்ள இடத்துக்கு என் தேர்வு சிபிசிடிதான், அதாவது மூன்று வயரையும் சேர்த்துச் சுற்றி வரும் ஒரே வளைய சிடி. மூன்று பேஸும் ஒரே வளையத்துக்குள் போவதால் ஸ்டார்ட்டிங் கரண்ட் தானே கழிந்துவிடும், 1 முதல் 3 ஆம்பியருக்குள் தைரியமாக வைக்கலாம். மாட்டுவதில்தான் தப்பு நடக்கும். எர்த் வயர் வளையத்துக்குள் போகக்கூடாது. ஆர்மர் கேபிள் (இரும்புக் கவசம் உள்ள கேபிள்) வளையத்தைத் தாண்டி வந்து கிளாண்டில் (கேபிளைப் பெட்டியில் பிடித்து நிறுத்தும் பாகம்) முடிந்திருந்தால், ஆர்மரின் எர்த் பட்டையைத் திருப்பி வளையத்துக்குள் விட்டு வெளியே எடுத்த பிறகே எர்த் செய்ய வேண்டும், இல்லையென்றால் உண்மையான ஃபால்ட்டும் கழிந்து ரிலே சும்மா இருக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாருக்கு ஆறு வயர் போகும் வகை) என்றால் அதற்கு முன்னால், வரும் மூன்று வயரில் மாட்டுங்கள். மோட்டாருக்குப் போகும் ஆறில் மூன்றை மட்டும் விட்டால் கணக்கு சரியாக வராது.

நேரம் 0.1 முதல் 0.2 விநாடி போதும். ஆனால் ட்ரிப்பை கான்டாக்டருக்கு (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) கொடுக்காமல் எம்சிசிபியின் ஷன்ட் ட்ரிப்புக்கு (சிக்னல் வந்தால் எம்சிசிபியை விழவைக்கும் காயில்) கொடுங்கள். எர்த் பாதை நன்றாக இருந்தால் ஃபால்ட் கரண்ட் ஆயிரக்கணக்கில் போகலாம், கான்டாக்டர் அதைப் பிரிக்கும் சக்தி உள்ளதல்ல.

இவ்வளவு செய்தும் ட்ரிப் ஆனால் மெகர் (இன்சுலேஷன் சோதனை) எடுங்கள், சப்ளையை ஆஃப் செய்து, கேபிளைக் கழற்றி, மோட்டாரைத் தனியாக, கேபிளைத் தனியாக. டிரைவ் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வைத்து ஓட்டும் மோட்டாரில் ஃபில்டர் வழியாக எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும், அங்கே சாதாரண ரிலேயை விட்டுவிட்டு டிரைவுக்கென்றே வரும் வகையை வாங்குவது சரி. இன்னொன்று, 1 ஆம்பியர் செட்டிங் மோட்டாரையும் கேபிளையும் காப்பாற்றத்தான். கையில் பிடித்து வேலை செய்யும் கிரைண்டருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (சிறு கசிவுக்கே விழுந்து ஆளைக் காப்பாற்றும் பிரேக்கர்) தனியாக வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், பல ரிலேக்களில் அது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை மட்டும்தான் சோதிக்கும். சிபிசிடி வளையத்துக்குள் ஒரு வயரை விட்டு, செட்டிங்கைவிடச் சற்று அதிகமான கரண்டை அதில் செலுத்தி, எம்சிசிபி உண்மையாகவே விழுகிறதா என்று பாருங்கள்.