பிரிண்டருக்கு ஒரு நிலையான பெயர்

ரூட்டர் அணைந்து எழும்போதெல்லாம் பிரிண்டரின் ஐபி முகவரி மாறிவிடும். வீட்டில் யாராலும் அச்செடுக்க முடியாது. முதல் வேலையாக ரூட்டரிலேயே அதற்கு முகவரியை ஒதுக்கினேன். பிறகு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் மென்பொருளான டிஎன்எஸ்மாஸ்கை நிறுவி, பெயர்ப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பில் வரிக்கு ஒரு கருவியாக எழுதினேன்: முதலில் முகவரி, அடுத்து பெயர்.

பெயரின் வால் முக்கியம். '.லோக்கல்' என்று வைக்காதீர்கள். அது எம்டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது சர்வர் இல்லாமல் கருவிகள் தங்களுக்குள்ளேயே பெயரைக் கேட்டறியும் முறைக்கு, உரியது. பல லினக்ஸ் கணினிகள் அந்தப் பெயரை நம் சர்வரிடம் கேட்கவே கேட்காது. வீட்டு வலையமைப்புக்கென்றே 2018இல் ஒதுக்கப்பட்ட '.ஹோம்.ஆர்பா' இருக்கிறது, அதையே வைத்தேன்.

கடைசியாக, ரூட்டரில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் சர்வராக ராஸ்பெர்ரி பையின் முகவரியை மட்டும் கொடுத்தேன். அங்கே இரண்டாவது சர்வருக்கான கட்டத்தில் வெளி சர்வர் ஒன்றைப் போட்டால், சில கருவிகள் அதைக் கேட்டுவிட்டு, 'அப்படியொரு பெயரே இல்லை' என்ற பதிலோடு நின்றுவிடும். இப்போது 'பிரிண்டர்.ஹோம்.ஆர்பா' எல்லாக் கணினியிலும் உடனே திறக்கிறது.